வராத பனிக்கு அச்சாரம்

மழை பொய்த்த வருஷத்தில் மாட்டுச் சந்தை எப்படி இருக்கும் என்று நம் நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விற்க வருகிறவர்கள் ஆயிரம் பேர். வாங்க வருகிறவர்கள் பத்துப் பேர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேச வேண்டிய தரகர்கள், அதே துண்டைப் புளியமரத்து நிழலில் விரித்துப் படுத்துத் தூங்குவார்கள். வானம் கைவிட்டால் சந்தையும் கைவிடும் என்பதே நாம் கண்ட அநுபவம்.

ஆனால், வானம் கைவிட்ட ஒரு வருஷத்தில், அந்த வானத்தையே நம்பிப் பிழைக்கும் வியாபாரிகள் ஆயிரக்கணக்கில் கூடி, அடுத்த வருஷத்துச் சரக்குக்குக் கையெழுத்துப் போட்ட ஒரு சந்தையை நான் பார்த்திருக்கிறேன். நடந்த இடம், அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தின் தலைநகரமாகிய டென்வர். காலம், 2012-ஆம் வருஷம் ஜனவரி மாதக் கடைசி. சரக்கு, வெண்பனியில் சறுக்கி விளையாடுவதற்கு வேண்டிய கட்டைகள், பலகைகள், ஜோடுகள், அங்கிகள், கையுறைகள். அந்தக் குளிர்காலத்திலோ, மலைகளில் விழ வேண்டிய வெண்பனி விழவே இல்லை!

அந்தச் சந்தையைப் பற்றியும், அதில் சம்பளமில்லாமல் தொழில் பழக வந்திருந்த ஒரு கல்லூரி மாணவியைப் பற்றியும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பனியையே பார்த்தறியாத நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வானத்தை நம்பி வாழ்கிறவர்களின் கவலை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஒரு மைல் உயரத்து நகரம்

என் தங்கை தன் கணவருடன் டென்வரில் வசித்து வந்தாள். அவளுடைய பிரசவத்துக்காக எங்கள் தாயாரை அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தபடியால், பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லா விடுப்பு வாங்கிக்கொண்டு நான் பிரயாணமானேன்.

டென்வர் நகரம் கடல் மட்டத்துக்குமேல் ஒரு மைல், அதாவது 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டைவிடச் சற்று உயரம் என்று சொல்லலாம். ஆயினும் மலைமேல் இருக்கிறோம் என்ற எண்ணமே அங்கே உண்டாவதில்லை. கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் சமவெளி. மேற்கே, சமவெளி முடிகிற இடத்தில், ராக்கி மலைத்தொடர் மதில் எழுப்பினாற்போல் நிற்கிறது.

அவ்வூர்ச் சட்டசபைக் கட்டடத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டிய கோபுரம் உண்டு. அதன் மேற்கு வாசற்படிகளில் ஏறும்போது பதினைந்தாவது படியில், ‘கடல் மட்டத்துக்குமேல் ஒரு மைல்’ என்று கல்லிலே செதுக்கியிருக்கக் காணலாம். கல்லில் செதுக்கியாகிவிட்டது, இனிக் கேள்வி ஏது என்று நாமாக இருந்தால் விட்டிருப்போம். 1969-ல் கொலராடோ மாகாணப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் அளந்து பார்த்து, அந்த உயரம் பதினைந்தாவது படியில் இல்லை, பதினெட்டாவது படியில் இருக்கிறது என்றார்கள். உடனே அங்கே ஒரு பித்தளை முத்திரை பதித்தார்கள். 2003-ல் இன்னும் நுட்பமாகக் கணக்கிட்டபோது அது பதின்மூன்றாவது படிக்கு இறங்கிவிட்டது. அங்கேயும் ஒரு முத்திரை! மாணவர்கள் சொன்ன கணக்கைக் கேட்டு, கல்லெழுத்தையே ஒதுக்கி வைத்த அந்த வாசற்படி, ஒரு பள்ளிக்கூட ஆசிரியனுக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

கோபுரத்தின் உட்புறத்தில் வர்ணக் கண்ணாடிச் சித்திரங்கள் பதினாறு இருக்கின்றன. மாகாணத்தை உருவாக்கியவர்கள் என்று போற்றப்படுகிறவர்களுடைய உருவங்கள் அவை. அவற்றுள் ஒன்று ஜான் டையர் என்ற கிறிஸ்தவப் பாதிரியாருடையது. பாதிரி வேலையில் வயிறு நிரம்பாதபடியால், 1864-ல், தம்முடைய ஐம்பதாவது வயதுக்குமேல், இவர் தபால் சுமக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். பதின்மூவாயிரம் அடிக்குமேல் உயர்ந்த மஸ்கிட்டோ கணவாயை, காலில் ஆளுயரத்துக்குமேல் நீண்ட மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு, பெரும்பாலும் இரவில், பனி இறுகியிருக்கும் வேளையில் கடப்பாராம். கூலி, வாரத்துக்குப் பதினெட்டு டாலர். இன்று கோடீசுவரர்கள் பொழுதுபோக்காக விளையாடும் பனிச்சறுக்கு, அம்மலைகளில் ஏழைத் தபால்காரனுடைய பிழைப்பாகவே தொடங்கியது.

நீலக் கரடி காவல் காக்கும் மண்டபம்

தங்கையின் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வாணிப சாஸ்திரம் படித்து வந்தாள் ஓர் அமெரிக்கப் பெண். வயது இருபது இருக்கும். அவளுடைய தகப்பனார் மேற்கே ஒரு மலையூரில் பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தார். பெயரைச் சொல்வது அவளுக்கு விருப்பமாயிராது. ஆகையால் ‘மாணவி’ என்றே இங்கே குறிப்பிடுகிறேன்.

ஒரு நாள் அவள் தங்கையைப் பார்க்க வந்தபோது, “அடுத்த வாரம் பெரிய பொருட்காட்சி நடக்கிறது. ஒரு சிறு கையுறைக் கம்பெனியின் ஸ்டாலில் எனக்கு ‘இன்டர்ன்’ வேலை. நீங்கள் ஆசிரியராயிற்றே, வந்து பார்க்கிறீர்களா?” என்று கேட்டாள். ‘இன்டர்ன்’ என்றால் வேறொன்றுமில்லை. நம் ஊரில் ‘அப்ரண்டிஸ்’ என்று சொல்கிறோமே, அதன் படித்த தம்பி! காட்சிக்குள் பொதுஜனங்களுக்கு அநுமதி கிடையாது. கடைக்காரர்களுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் மட்டுமே. கம்பெனி முதலாளியிடம் சொல்லி எனக்கு ஒரு விருந்தினர் அட்டை வாங்கித் தந்தாள்.

டென்வரின் பொருட்காட்சி மண்டபம் 1990-ல் திறக்கப்பட்டு, 2004-ல் விஸ்தரிக்கப்பட்டது. காட்சித் தளம் மட்டும் 5,84,000 சதுர அடி. வாசலில் நாற்பது அடி உயரமுள்ள ஒரு நீலக் கரடி, இரண்டு முன்னங்கால்களையும் கண்ணாடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மூக்கு நசுங்க உள்ளே எட்டிப் பார்க்கிறது. லாரன்ஸ் ஆர்ஜென்ட் என்ற சிற்பி 2005-ல் நிறுவியது. கரடி ஏன் நீலம் என்று கேட்டால், மாதிரிப் படம் அச்சாகி வந்தபோது வர்ணம் தவறி நீலமாக வந்துவிட்டதாம். அதுவே அழகாயிருக்கிறது என்று சிற்பி விட்டுவிட்டாராம். உள்ளே என்னதான் வியாபாரம் நடக்கிறது என்று காட்டுக் கரடி கவலையோடு பார்ப்பது போன்ற அந்தக் காட்சி, அவ்வருஷம் மிகவும் பொருத்தமாகவே இருந்தது.

இந்தப் பொருட்காட்சியை நடத்தியது, 1954-ல் தோன்றிய பனி விளையாட்டுத் தொழிலாளர் சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலதிபர்களின் சங்கம் அது! பல வருஷங்கள் இதை லாஸ் வேகாஸ் நகரத்தில் நடத்தினார்கள். லாஸ் வேகாஸ் பாலைவனத்தில் உள்ள சூதாட்ட நகரம் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். பனிச் சாமான்களைப் பாலைவனத்தில் விற்பதா என்ற ஞானம் உண்டானதோ என்னவோ, 2010-ல் மலையடிவாரமாகிய டென்வருக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் வியாபாரத்தில் உள்ள சூது மட்டும் லாஸ் வேகாஸிலேயே தங்கிவிடவில்லை என்பதை உள்ளே போன பிறகுதான் அறிந்தேன்.

உள்ளே கண்டது

உள்ளே நுழைந்தவுடன் திருவிழாக் கடைத்தெருவுக்குள் வந்துவிட்டாற்போல் இருந்தது. வீதி வீதியாக ஸ்டால்கள். சில ஸ்டால்கள் இரண்டு மாடி வீடு போல. சில, ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் மட்டும். எங்கே பார்த்தாலும் வர்ணம். எங்கே பார்த்தாலும் சங்கீதம் என்ற பெயரால் ஓர் இரைச்சல்.

பனிச்சறுக்கில் இரண்டு ஜாதி உண்டு. இரண்டு காலுக்கும் இரண்டு நீண்ட கட்டைகளை மாட்டிக்கொள்கிறவர்கள் பழைய ஜாதி. இரண்டு காலையும் ஒரே அகலப் பலகையில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்குகிறவர்கள் புது ஜாதி. பலகையின் பிறப்பு வேடிக்கையானது. 1965-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் தினத்தன்று, மிச்சிகன் மாகாணத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் இரண்டு பனிக்கட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து இணைத்துத் தம் பெண்களுக்கு விளையாட்டுச் சாமானாகக் கொடுத்தார். அதைப் பார்த்து வளர்ந்த ஜேக் பர்ட்டன் என்ற இளைஞர் 1977-ல் வெர்மான்ட் மாகாணத்தில் பலகை செய்யும் கம்பெனி தொடங்கினார். முதலில் பல மலைகளில் பலகைக்காரர்களை உள்ளே விடவில்லை. பிறகு, 1998-ல் ஜப்பானில் நாகனோ நகரத்து ஒலிம்பிக் பந்தயத்திலேயே இடம் கொடுத்தார்கள். ஆயினும் அமெரிக்காவில் மூன்று மலைகள் இன்றைக்கும் பலகைக்குக் கதவைத் திறக்கவில்லை.

பழைய ஜாதிக்காரர்களின் கதை யுத்தத்தோடு சேர்ந்தது. 1942-ல், கொலராடோ மலையில் ஒன்பதாயிரம் அடி உயரத்தில், காம்ப் ஹேல் என்ற பாசறையை அமெரிக்க ராணுவம் அமைத்தது. பனியில் போர் புரியப் பயிற்சி பெற்ற பத்தாவது மலைப் படை அங்கே உருவாகி, 1945-ல் இத்தாலி மலைகளில் சண்டையிட்டது. யுத்தம் முடிந்த பிறகு, ராணுவத்தில் மிஞ்சிய பனிக்கட்டைகள் மலிவு விலைக்கு வெளியே வந்தன. அப்படையிலிருந்து திரும்பியவர்களிற் சிலர் மலைகளில் விளையாட்டு ஸ்தலங்களை ஏற்படுத்தினார்கள். 1962-ல் திறந்த பிரசித்தி பெற்ற வெயில் என்னும் ஸ்தலத்தை நிறுவிய பீட் ஸைபெர்ட் அவர்களில் ஒருவர். யுத்தத்தின் மிச்சச் சரக்கில் முளைத்தது இந்த வியாபாரம். ‘மிச்சம்’ என்ற இந்தச் சொல்லை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வானத்தின்மேல் பந்தயம்

இந்த வியாபாரம் நடக்கும் முறையை மாணவி எனக்கு விளக்கிச் சொன்னாள். ஜனவரியில் காட்சிக்கு வைக்கும் சாமான் இந்தக் குளிர்காலத்துக்கு அல்ல, அடுத்த குளிர்காலத்துக்கு. கடைக்காரர்கள் பார்த்து, இரண்டொரு மாதத்துக்குள் ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆர்டர்களைக் கூட்டிப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் தொழிற்சாலைகளுக்குச் சொல்கிறார்கள். கோடை காலத்தில் தொழிற்சாலை ஓடுகிறது. இலையுதிர் காலத்தில் சரக்குக் கடைக்கு வருகிறது. விற்ற பிறகு பணம் கொடுத்தால் போதும் என்று தவணையும் உண்டு. முன்கூட்டி எழுதுகிறவனுக்குத் தள்ளுபடியும் உண்டு. அச்சாரம் என்று கையில் பணம் கொடுப்பதில்லை. கையெழுத்தே அச்சாரம்.

ஆகவே, கடைக்காரன் கையெழுத்துப் போடும்போது, பத்து மாதத்துக்கு அப்பால் விழப்போகும் பனியின்மேல் பந்தயம் கட்டுகிறான். அப்போது பனி விழுமா? கடவுளுக்கே வெளிச்சம். அந்த வருஷமோ, கண்ணெதிரிலேயே விழவில்லை. முந்திய குளிர்காலத்தில் ஏராளமாக விழுந்ததை நம்பி எல்லாரும் தாராளமாக வாங்கி வைத்திருந்தார்கள். 2012 ஜனவரி 6-ஆம் தேதியாகியும், வெயில் மலையின் பிரசித்தி பெற்ற பின்புறச் சரிவுகளைத் திறக்கப் போதுமான பனி இல்லை. முப்பது வருஷத்தில் அப்படி நேர்ந்ததில்லை என்று அந்த ஸ்தலத்தாரே அறிவித்தார்கள். விற்காத சரக்குக் கடைகளில் அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தது.

இந்த நிலையில் ஸ்டால்களில் நடந்த பேச்சைக் கேட்க வேண்டுமே! “இந்த வருஷம் எப்படி?” என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இழவு வீட்டில் சம்பந்தப் பேச்சுப் பேசுவது போல், எல்லாரும் அடுத்த வருஷத்தைப் பற்றியே உற்சாகமாகப் பேசினார்கள். ஏஜென்டுகளுக்கு விற்பனையில் கமிஷன்; ஆகையால் அவர்களுடைய உற்சாகம் இன்னும் இரண்டு பங்கு. “போன வருஷ அளவுக்காவது எழுதுங்கள்” என்று அன்பாக நெருக்குவார்கள். ‘எழுதாவிட்டால் நம் கடை நலிந்துவிட்டது என்று தெரிந்துவிடுமே’ என்ற கௌரவத்தில் கடைக்காரர்களும் எழுதுவார்கள்.

சம்பளமில்லா வேலை

மாணவிக்குக் கொடுத்திருந்த வேலை என்ன? காலை ஏழு மணிக்கு ஸ்டாலைத் திறந்து, கையுறைகளை ஜோடி ஜோடியாக மாட்டி வைப்பது; முதலாளிக்குக் காப்பி வாங்கி வருவது; வருகிறவர்களின் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்துப் பெயரும் ஊரும் குறித்துக்கொள்வது; முதலாளி பேசி முடித்ததும் ஆர்டர்த் தாளில் எழுதுவது. சாப்பாட்டுச் செலவு கம்பெனியுடையது. சம்பளம் கிடையாது. கல்லூரியில் இதை ஒரு பாடமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

என் தங்கைக்கு இது பிடிக்கவில்லை. “அண்ணா, நாள் முழுதும் நிற்கிறாள். கூலி இல்லாமல் வேலை வாங்குவதற்குப் பெயர் படிப்பா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்நாட்டிலேயே பல காலமாக வழக்காடி வரும் கேள்வியும் ஆகும்.

வேலை செய்கிறவனுக்கு இவ்வளவாவது கூலி தந்தாக வேண்டும் என்று அமெரிக்காவில் 1938-ல் சட்டம் செய்தார்கள். 1947-ல் ஒரு ரயில்வே கம்பெனியைப் பற்றிய வழக்கு அவர்களுடைய மிக உயர்ந்த நீதிமன்றத்துக்கு வந்தது. ரயில்களில் பிரேக் போடும் வேலைக்கு ஆள் எடுப்பதற்குமுன், ஒரு வாரம் போல இலவசமாகப் பழக்கினார்கள். பழகும் நாட்களுக்குக் கூலி உண்டா? கம்பெனிக்கு அவர்களால் உடனடியான ஆதாயம் ஒன்றுமில்லை. ஆகையால் கூலி இல்லை என்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். இதை ஆதாரமாகக் கொண்டு அமெரிக்கத் தொழில் இலாகா 2010-ல் ஆறு நிபந்தனைகளை வெளியிட்டது. மாணவனால் முதலாளிக்கு உடனடி ஆதாயம் இருக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 2018-ல் அந்த ஆறையும் கைவிட்டு, இந்தப் பழக்கத்தால் அதிக நன்மை அடைகிறவர் யார், மாணவரா முதலாளியா என்று எடை போட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

2012-ல் நான் ஸ்டாலில் உட்கார்ந்திருந்தபோது ஆறு நிபந்தனைகளே அமுலில் இருந்தன. மாணவியிடமே கேட்டேன். “நீ எழுதுகிற ஒவ்வோர் ஆர்டரும் அவருக்கு ஆதாயந்தானே?”

அவள் சிரித்தாள். “அவரும் இந்த வருஷம் தமக்குச் சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை” என்றாள்.

“அவருக்குக் கம்பெனி இருக்கிறது. உனக்கு என்ன இருக்கிறது?”

அதற்கு அவள் விடை சொல்லாமல், தன் ஆர்டர்த் தாளை எடுத்துக் காட்டினாள். அச்சடித்த தாளில் ஜோடிகளின் வகை, எண்ணிக்கை, விலை, அனுப்ப வேண்டிய தேதி என்று கட்டங்கள் இருந்தன. அவற்றுக்கு அப்பால், வலது ஓரத்தில், பென்சிலால் தானே ஒரு கட்டம் கிழித்திருந்தாள். மேலே ‘மிச்சம்’ என்று எழுதியிருந்தது. கடையில் போன வருஷத்துச் சரக்கு எத்தனை ஜோடி விற்காமல் இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்திருந்தாள். யாரும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை.

“ஏஜென்டு கேட்டால் சொல்ல மாட்டார்கள். மாணவி என்று தெரிந்தால் சொல்லிவிடுகிறார்கள்” என்றாள்.

கடைக்காரன் மகளுக்குத்தான் அந்தக் கட்டம் கிழிக்கத் தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

தகப்பனும் மகளும்

இரண்டாம் நாள் பிற்பகல் அவளுடைய தகப்பனார் வந்தார். காற்றிலும் வெயிலிலும் பட்டுச் சிவந்த முகம். பேசத் தயங்கும் சுபாவம். முதலாளிக்கும் அவருக்கும் பல வருஷத்துப் பழக்கம். இருவரும் குழந்தைகள், முழங்கால் வலி, பெட்ரோல் விலை என்று எல்லாவற்றையும் பேசினார்கள். கடைசியில், வேறு பேச்சு ஒன்றும் மீதியில்லை என்ற நிலைமை வந்ததும், அவர் மேஜையண்டை உட்கார்ந்து, “போன வருஷம் மாதிரியே எழுதிக்கொள். நூற்றிருபது ஜோடி” என்றார்.

மாணவி எழுதவில்லை. காலையிலிருந்து மற்றவர்களைக் கேட்ட அதே குரலில், “போன வருஷத்துச் சரக்கில் எவ்வளவு மிச்சம்?” என்று கேட்டாள்.

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் இரைச்சலாக இருந்தும், அந்த மேஜையண்டை மட்டும் ஓசை அடங்கிவிட்டது போல் எனக்குத் தோன்றியது. வீட்டில் மேஜையடியில் ஒளித்து வைத்திருந்த கணக்கை, ஊரார் நடுவில் பெற்ற பெண்ணே எடுத்து வெளியில் வைக்கச் சொல்லுகிறாள். பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். மெய் சொன்னால் முதலாளிக்குத் தெரிந்துவிடும்.

“எழுபது” என்றார்.

அவள் வலது ஓரக் கட்டத்தில் எழுபது என்று எழுதினாள். பிறகு, “அப்படியானால் இந்த வருஷத்துக்கு எவ்வளவு போடட்டும்?” என்றாள்.

“அறுபது.”

பக்கத்தில் நின்ற முதலாளியின் முகம் சுருங்கியது உண்மை. அறுபது ஜோடி நஷ்டம் யாருக்குத்தான் இனிக்கும்? ஆனால் மறு நிமிஷமே அவர் அந்தத் தகப்பனாரின் தோள்மேல் கை வைத்து, “அறுபதுக்குப் பணம் கொடுக்கிறவர் எனக்கு வேண்டும். நூற்றிருபதை வாங்கிவிட்டுக் கடையைச் சாத்துகிறவர் வேண்டாம்” என்றார். கையெழுத்தாயிற்று. தகப்பனார் எழுந்து போகும்போது மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் காப்பிக் கோப்பையை எடுத்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு போனார்.

மலைமேல் நடந்த கணக்கு

மண்டபத்தில் நான்கு நாள் முடிந்ததும், சாமான்களைப் பனியிலேயே மாட்டிப் பார்ப்பதற்கு வின்டர் பார்க் என்ற மலையில் இரண்டு நாள் ஏற்பாடாகியிருந்தது. மாட்டை வாங்குமுன் ஓட்டிப் பார்க்கிற வழக்கம் எங்கும் உண்டல்லவா?

டென்வரிலிருந்து அறுபது எழுபது மைல். 11,307 அடி உயரமுள்ள பெர்த்தூடு கணவாயைக் கடந்து மோட்டாரில் போனோம். முன்பெல்லாம் இங்கே போக ரயில் இருந்தது. 1928-ல் திறந்த மாபட் சுரங்கப் பாதை ஆறு மைலுக்குமேல் மலையைக் குடைந்து சென்று, மறுபுறம் வெளிப்படும் வாசலிலேயே வின்டர் பார்க் இருக்கிறது. 1940 முதல் ஓடிய பனிச்சறுக்கு ரயிலை 2009-ல் நிறுத்திவிட்டார்கள். (நிரந்தரச் சேவையாக மறுபடி ஓடத் தொடங்கியது 2017-ல்தான்.) இந்த மலை ஸ்தலம் டென்வர் நகரத்தாருக்குச் சொந்தம் என்பது மற்றொரு விசேஷம். நடத்துகிறவர்கள் தனிக் கம்பெனியார், உடைமை நகரத்தாருடையது.

பைன் மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று சரிவுகள் இறங்கின. என் கண்ணுக்கு அது ஏராளமான பனி. வியாபாரிகளின் கண்ணுக்கோ, அங்கங்கே தலை நீட்டிய புல்லும் கல்லும்தான் முதலில் தெரிந்தன. ஆயினும், கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டதும் அவர்கள் முகத்தில் உண்டான மாறுதலைச் சொல்ல வேண்டும். நான்கு நாள் கணக்கும் கவலையுமாக இருந்த ஐம்பது வயதுக் கடைக்காரர்கள், பள்ளிக்கூடம் விட்ட பையன்களைப் போல் கூவிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். லாபத்துக்காக மட்டும் இத்தொழிலுக்கு வந்தவர்கள் அல்லர் அவர்கள் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

மாணவியின் முதலாளி சறுக்கப் போகவில்லை. கூடாரத்து மேஜையில் ஆர்டர்த் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். தாள்களின் நடுவில் அச்சிட்ட கட்டம் ஒன்றைச் சொல்லிற்று. ஓரத்தில் பென்சில் கட்டம் வேறொன்றைச் சொல்லிற்று. எவ்வளவுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது முதலாவது. அதில் எவ்வளவுக்கு மெய்யாகவே பணம் வரும் என்பது இரண்டாவது. மிச்சம் மிகுந்த கடைகளின் பெயர்களுக்கு எதிரே அவர் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பிறகு தொழிற்சாலைக்குச் சொல்ல உத்தேசித்திருந்த தொகையை அடித்துவிட்டு, வெகுவாகக் குறைத்து வேறொரு தொகை எழுதினார்.

அன்று மாலை அவர் மாணவியை அழைத்து, ஆறு நாள் கூலிக்கு ஒரு செக்கு எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கத் தயங்கினாள். “இது தானம் அல்ல. உன் கட்டத்தால் எனக்கு ஆதாயம் வந்துவிட்டது. ஆதாயம் வந்தால் கூலி கொடுக்க வேண்டும் என்று சர்க்காரே எழுதி வைத்திருக்கிறார்கள்” என்றார் அவர். அந்தக் கோடையில் சம்பளத்துக்கே அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார் என்று பிற்பாடு தங்கை எழுதினாள்.

பிறகு

அந்தக் குளிர்காலத்தின் முழுக் கணக்கு வசந்தத்தில் வெளிவந்தது. அமெரிக்கப் பனி மலைகளுக்கு 2010–11 பருவத்தில் வந்த வருகைகள் 6 கோடியே 5 லட்சம். அது வரையில் கண்டிராத உச்சம். 2011–12-ல் வந்தவை 5 கோடியே 10 லட்சம். ஒரே வருஷத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது! பென்சில் கட்டம் ஜனவரியிலேயே சொன்னதை, அச்சிட்ட அறிக்கைகள் பல மாதம் கழித்துச் சொல்லின.

வானம் பிறகு மனம் மாறியது. 2022–23-ல் அந்தத் தொகை 6 கோடியே 54 லட்சமாக உயர்ந்து பழைய உச்சத்தைத் தாண்டிற்று. ஆனால் பொருட்காட்சிதான் இருந்த இடத்தில் இருக்கவில்லை. 2017-ல் சங்கத்தார் அதை ஒரு கண்காட்சிக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 2018 ஜனவரியில் அது மற்றொரு பெரிய பொருட்காட்சியோடு சேர்ந்து டென்வரில் நடந்தது. 2023-ல் ஸால்ட் லேக் நகரத்துக்குப் பெயர்ந்துவிட்டது. நீலக் கரடி வேறு ஏதேதோ காட்சிகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இப்போது நம் கல்லூரிகளிலும், தொழில் பழகி வந்தால்தான் பட்டம் என்ற விதி பரவி வருகிறது. விடுமுறை வந்தால், என்னிடம் படித்த பிள்ளைகள் நற்சான்றுக் கடிதம் கேட்டு வருகிறார்கள். கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புகிறேன். போகிற இடத்தில் கொடுக்கும் தாளை ஒழுங்காக நிரப்புங்கள். அதில் இல்லாத கட்டம் ஏதாவது உண்டா என்றும் பாருங்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று அங்கே இருக்கும். உங்களைச் சின்னவர்கள் என்று நினைப்பதாலேயே, அதற்கு உங்களிடம் உண்மையான விடை சொல்வார்கள்.

முதலாளிமாருக்குச் சொல்லவும் ஒன்று உண்டு. அந்த விடையை உபயோகித்துக்கொள்கிறவர்கள், அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.